மேல்நிலை மாணவர்களுக்கு வெண்பன்றி வளர்ப்பு: ஊர்ப் பண்ணையில் நடத்தும் செய்முறைப் பாடம்

மேல்நிலைப் பள்ளிகளில் வேளாண் தொழிற்கல்வி நடத்தும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளி வளாகத்தில் பன்றி வளர்க்க முயல வேண்டாம். விடுமுறை நாள்களில் தீவனம் வைக்க ஆள் இராது. கழிவுநீருக்கு வழியும் இராது. அருகிலுள்ள பண்ணையாளர் ஒருவரின் கொட்டிலில் ஒரே ஈற்றைச் சேர்ந்த நான்கைந்து குட்டிகளைத் தேர்ந்து, அவை விற்பனைக்குப் போகும்வரை மாணவர்கள் தொடர்ந்து கவனித்து வருவதே சிறந்த முறை.

முதல் படி: ஊரின் இசைவு

பன்றி வளர்ப்போரைச் சாதி சொல்லித் தாழ்த்தும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. ஆகவே பெற்றோர் கூட்டத்துக்குப் பண்ணையாளரையே அழைத்து, பயிற்றுநர் என்ற மரியாதையோடு அமர வைத்து, கொட்டில் முறை வளர்ப்பைப் பற்றி அவரையே பேசச் சொல்லுங்கள். சமய நம்பிக்கையாலோ விருப்பமின்மையாலோ விலகும் மாணவரிடம் காரணம் கேட்காமல், ஆடு அல்லது கோழி வளர்ப்பில் இணையான செயல்திட்டம் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

பாடம் தொடங்குமுன் ஆசிரியரும் பயிற்சி பெற்றுக்கொள்வது நல்லது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் வளாகத்தில் வெண்பன்றிகளை நேரில் பார்க்கலாம்.

இரண்டாம் படி: குட்டிகளும் காலமும்

எட்டு வாரத்தில் தாயிடமிருந்து பிரித்த லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் இன வெண்பன்றிக் குட்டிகளை ஜூன் இறுதியில் தேர்ந்தெடுத்தால், ஆண்டுத் தேர்வுக்கு முன்பே, ஜனவரி வாக்கில், அவை விற்பனை எடையை நெருங்கிவிடும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நெருக்கடி இருப்பதால் பதினோராம் வகுப்பே இதற்கு ஏற்றது.

மூன்றாம் படி: நோய்த் தடுப்பு

பண்ணைக்குள் கால் வைக்குமுன் இதைக் கற்பித்துவிட வேண்டும். 2020-இல் அசாமில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தாக்குவதில்லை. ஆனால் மனிதரின் செருப்பிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு பண்ணைக்குப் பண்ணை போகும், வந்தால் குணப்படுத்த மருந்தும் இல்லை. எனவே மாணவர்களுக்கான ரப்பர் காலணிகள் பண்ணையிலேயே இருக்கட்டும். வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்து, அதில் கால் நனைத்த பிறகே உள்ளே செல்லட்டும். அதே நாளில் வேறு பன்றிக் கொட்டிலுக்குப் போய் வந்தவருக்கு அனுமதி இல்லை. சாப்பாட்டு டப்பாவில் பன்றி இறைச்சி கூடாது. உணவக மிச்சத்தைத் தீவனமாகப் போடும் பண்ணையானால், அதைக் குறைந்தது அரை மணி நேரம் கொதிக்க வைப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கையில் வெட்டுக்காயம் உள்ள மாணவர் அன்று வெளியே நின்று குறிப்பெடுக்கட்டும். மற்றவர்கள் திரும்பும்போது சோப்பால் கைகழுவ வேண்டும். தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் கால்நடை மருத்துவரின் வேலை. மாணவர்கள் தேதியையும் மருந்தின் பெயரையும் பதிவேட்டில் எழுதினால் போதும்.

நான்காம் படி: அளத்தல்

இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தராசு தேவையில்லை, தையல்காரர் நாடா போதும். வாரம் ஒரு நாள், காலையில் தீவனம் வைக்குமுன், முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவையும், காதுகளுக்கு நடுவிலிருந்து வாலின் அடிவரை முதுகின் நீளத்தையும் மீட்டரில் அளக்க வேண்டும். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தாலும் 69.3-ஆலும் பெருக்கினால் தோராயமான எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 0.90 மீட்டர், நீளம் 0.95 மீட்டர் என்றால் எடை ஏறத்தாழ 53 கிலோ. பன்றி தலையைத் தூக்கினாலும் தாழ்த்தினாலும் நீளம் மாறிவிடும் என்பதால், அது நேராக நிற்கும்வரை காத்திருக்கும் பொறுமையையும் மாணவர்கள் பழக நேரும் (முதல் வாரத்தில் நாடாவைப் பன்றி கடிக்கும், மாற்று நாடா ஒன்று பையில் இருக்கட்டும்).

தினமும் வைக்கும் தீவனத்தின் எடையைப் பண்ணையாளர் சுவரில் கரியால் குறித்து வைத்தால், மாணவர்கள் அதைப் பதிவேட்டில் ஏற்றி, உண்ட தீவனத்தைக் கூடிய எடையால் வகுத்துப் பார்க்கலாம். அடர்தீவனத்தில் வளரும் பன்றிக்கு விடை மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் வருவது இயல்பு. அது ஏறிக்கொண்டே போனால் குடற்புழுவா, வெயிலா, சிந்தும் தீவனமா என்று தேட வேண்டும். பன்றிக்கு வியர்த்து உடல் குளிர்வது மிகக் குறைவு. நண்பகலில் தண்ணீர் தெளிக்காத கொட்டிலில் அது தின்பதையே குறைத்துவிடும்.

ஐந்தாம் படி: ஈற்றுக் கொட்டில்

பண்ணையில் உள்ள தாய்ப்பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள் என்பதால், இனச்சேர்க்கை நடந்த தேதியைக் கொண்டு ஈனும் நாளை மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். பிறந்த குட்டிகளுக்கு முதல் வாரத்திலேயே இரும்புச்சத்து ஊசி போடுவது ஏன் என்பது இங்கே நல்ல கேள்வி. தாய்ப்பாலில் இரும்பு குறைவு. மண்ணைக் கிளறி வளரும் குட்டிக்கு அதிலிருந்து சிறிது கிடைக்கும், சிமெண்டுத் தரையில் பிறந்த குட்டிக்கு அந்த வழியும் இல்லை.

ஆறாம் படி: விற்பனை

வியாபாரி வரும் நாளில் மாணவர்கள் உடனிருந்து, நாடா சொன்ன எடையையும் தராசு காட்டும் எடையையும் ஒப்பிடட்டும். குட்டியின் விலை, தீவனம், மருந்து, பண்ணையாளரின் உழைப்புக்கான கூலி ஆகிய அனைத்தையும் கழித்த பிறகே இலாபத்தைச் சொல்ல வேண்டும். கூலியைச் சேர்க்காத கணக்கை ஏற்காதீர்கள். பதிவேட்டின் நகல் ஒன்றைப் பண்ணையாளருக்குக் கொடுத்துவிட்டு, கொட்டிலைக் கழுவிச் சுண்ணாம்பு பூசி, அடுத்த குட்டிகள் வரும்வரை சில வாரங்கள் காலியாகக் காயவிட உதவுங்கள்.