இணையத்தில் உளவியல் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பிள்ளை படிப்பில் பின்தங்கினாலோ, தாய்க்கு நித்திரை குறைந்தாலோ, அயலவர் என்ன சொல்வார்களோ என்ற தயக்கத்தில், வைத்தியரிடம் போவதற்கு முன்பே கைபேசியில் தேடிப் பார்க்கிறோம். தேடுவதில் பிழையில்லை. ஆனால் ஒரு கூற்று எங்கிருந்து புறப்பட்டது என்று கேளாமல் ஏற்றுக்கொள்வது பெருந்தவறு. மற்றத் தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

“21 நாட்கள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும்” என்பதை எடுத்துக்கொள்வோம். இதன் வேரைத் தேடிப் போனால், தம் நோயாளர் மாறிய முகத்துக்குப் பழகுவதற்குக் குறைந்தது 21 நாட்களளவு எடுத்ததாக, மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் 1960 இல் எழுதிய அவதானிப்பில் போய் நிற்போம். அது பழக்கங்களைப் பற்றிய ஆய்வே அன்று. “குறைந்தது” என்ற சொல்லும் கைமாறிக் கைமாறி உதிர்ந்துவிட்டது. பின்னர் லண்டனில் 96 பேரைக் கொண்டு செய்யப்பட்டு 2010 இல் அச்சான ஆய்வில், ஒரு பழக்கம் ஊன்றுவதற்கான காலம் ஆளுக்காள் 18 நாட்கள் முதல் 254 நாட்கள் வரை வேறுபடுமெனக் கணிக்கப்பட்டது. நடுப்பெறுமதி 66 நாட்கள். இதை அறியாத உயர்தர மாணவி ஒருத்தி, இருபத்திரண்டாம் நாளும் விடியவெள்ளன எழும்ப முடியாதபோது, குறை தன்னிடமே என்று நம்பிவிடுவாள். என் கவலை அதுதான்.

இணைய வினாக்கொத்தின் புள்ளியை நோய்நிர்ணயமாகக் கொள்வதும் தவறு. மனச்சோர்வுக்கான பிஎச்கியூ-9 நம்பகமான கருவிதான். ஆனால் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய 9 கேள்விகளுக்கு 27 இல் 10 அல்லது அதற்கு மேல் பெற்றால், மேலும் பரிசோதிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். செத்தவீடு நடந்த குடும்பத்தில் எவருக்கும் அந்தப் புள்ளி வரலாம், தைரொயிட் குறைபாட்டின் களைப்பும் அதைக் கூட்டலாம்.

ஒற்றை ஆய்வை முடிந்த முடிபாகக் கொள்ளவும் கூடாது. 100 உளவியல் ஆய்வுகளை மீளச் செய்து 2015 இல் வெளியிட்டபோது, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கிலேயே முன்னைய விளைவு மீண்டும் கிடைத்தது. மேலும், மேலைநாட்டு மாணவர்களிடம் கண்டது போரைக் கடந்த எங்கள் குடும்பங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எண்ண இடமில்லை. வடபகுதியின் கூட்டு மனவடுவைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2007 இல் எழுதிய ஆய்வு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தால் மட்டும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். தேசிய உளநல உதவி இலக்கமான 1926 இற்கு எந்நேரமும் அழைக்கலாம்.