ஸ்கின் க்ரீம் போட்டு முகம் கெட்டுப்போச்சா? யார் மேல, எங்க, எப்படி புகார் குடுக்கறது

மங்கு போகணும், படர்தாமரை போகணும், கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் கலர் வரணும்னு க்ரீம் வாங்கி போடறோம். முதல்ல பளிச்சுனு இருக்கும், அப்புறம் நிறுத்துனா எரியும், போட்டா அடங்கும், மறுபடி நிறுத்துனா முன்னவிட மோசமா செவக்கும், பரு வரும், தோல் மெலிஞ்சு ரத்தக்குழாய் தெரியும், பொம்பளைங்களுக்கு தாடையில முடி கூட வளரும். பென்னாகரம், பாலக்கோடுல இருந்து ஓசூர் வரைக்கும் இந்தக் கதை நிறைய பேர்கிட்ட இருக்கு. டியூப்ல சின்ன எழுத்துல க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன்னு ஏதாச்சும் இருக்கா பாருங்க, இருந்தா அது ஸ்டீராய்டு, அதாவது அரிப்பு, வீக்கத்தை அடக்கற வீரியமான மருந்து. அதோட ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் கலந்ததும் வருது, அது டாக்டர் பார்வையில கொஞ்ச நாள் மட்டும் போட வேண்டியது, பவுடர் மாதிரி தினமும் பூசறதுக்கு இல்ல.

கேஸ் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி வேற ஒரு ஸ்கின் டாக்டர்கிட்ட போங்க. எப்படி நிறுத்தணும்னு அவர்தான் சொல்லணும், நாள்பட்டு போட்டதை திடீர்னு விட்டா சிலருக்கு ரொம்ப ஏறிடும். காசு இல்லன்னா தர்மபுரி அரசு மெடிக்கல் காலேஜ், கிருஷ்ணகிரி பக்கம்னா போலுப்பள்ளி மெடிக்கல் காலேஜ். எந்த க்ரீம், எத்தனை மாசம் போட்டீங்க, இப்ப என்ன ஆயிருக்குன்னு ஓபி சீட்டுல எழுத சொல்லி கேளுங்க. பின்னாடி கோர்ட்ல முதல்ல கேக்கறது அந்த சீட்டைத்தான்.

டியூப்பை தூக்கிப்போடாதீங்க, காலி டியூப்பா இருந்தாலும் சரி. பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி தெரியற மாதிரி போட்டோ, அட்டைப்பெட்டி, மருந்து சீட்டு, பில், ஜிபே ஹிஸ்டரி, டாக்டர் வாட்ஸ்அப்ல ஏதாச்சும் சொல்லியிருந்தா அது, தேதியோட முகத்து போட்டோ, எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு வைங்க. டாக்டர்கிட்ட உங்க மெடிக்கல் ரெக்கார்டை எழுத்து மூலமா கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும்னு 2002 மருத்துவ ஒழுக்க விதியிலயே இருக்கு.

இப்ப முக்கியமான கேள்வி, தப்பு யாரோடது? இதை முடிவு பண்ணாம எல்லார் மேலயும் எழுதிக் குடுத்தா மனு சுத்திக்கிட்டே இருக்கும். என் கணிப்புல நம்ம பக்கம் பாதிக்கு மேல மெடிக்கல் ஷாப்லதான் பிரச்சனை, ஏன்னா மருந்து சீட்டே இல்லாம "அந்த வெள்ளை டியூப் குடுங்க"ன்னா குடுத்துடறாங்க. ஸ்டீராய்டு க்ரீம்களை சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு 2018லயே மத்திய அரசு அறிவிச்சிருக்கு. இந்த மாதிரி கடை மேல டிரக் இன்ஸ்பெக்டர்கிட்ட, அதாவது தமிழ்நாடு மருந்து கட்டுப்பாட்டுத் துறையோட மாவட்ட ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள்லயும் குடுக்கலாம், அங்கிருந்து அனுப்பி வைப்பாங்க, ரசீது மட்டும் மறக்காம வாங்குங்க. டியூப்ல எழுதியிருக்கறது ஒண்ணு உள்ள இருக்கறது ஒண்ணுன்னு சந்தேகம் வந்தா 1940 மருந்துச் சட்டம் 26வது பிரிவுல, வாங்குனவங்களே ஃபீஸ் கட்டி அரசு பகுப்பாய்வாளர்கிட்ட (லேப்ல மருந்தை சோதிக்கறவர்) டெஸ்ட் பண்ணிக்கலாம். ஆனா இன்ஸ்பெக்டர் லைசென்ஸ் மேல நடவடிக்கை எடுப்பாரே தவிர உங்களுக்கு ஒரு ரூபா கூட வாங்கித்தர மாட்டார்.

டாக்டர் எழுதிக் குடுத்ததுன்னா விஷயம் கொஞ்சம் சிக்கல். சைடு எஃபெக்ட் வந்துச்சுங்கறதுக்காகவே அது கவனக்குறைவு ஆகாது. ரெண்டு வாரம் போடுங்கன்னு எழுதிருந்து நீங்களே எட்டு மாசம் வாங்கி போட்டிருந்தா கேஸ் நிக்கறது கஷ்டம், இதை முகத்துக்கு நேரா சொல்லிடறேன். ஆனா பாக்காமலே எழுதினது, நாள் கணக்கு போடாதது, எச்சரிக்காதது, எரியுதுன்னு போன பிறகும் அதையே தொடர சொன்னது, இதெல்லாம் கேள்வி கேக்க வேண்டியது. தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலுக்கு புகார் அனுப்பலாம், அவங்க டாக்டரோட பதிவை நிறுத்தி வைக்க முடியும், நஷ்டஈடு கிடைக்காது. போர்டு போட்டவர் டாக்டரே இல்லன்னு தெரிஞ்சா போலீஸ்லயும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்கிட்டயும் குடுங்க, நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் போலி டாக்டர் கைதுங்கறது பேப்பர்ல அடிக்கடி பாக்கற செய்திதானே.

காசு வேணும்னா நுகர்வோர் ஆணையம்தான், நாம கன்ஸ்யூமர் கோர்ட்னு சொல்றது. காசு வாங்கிட்டு பாக்கற டாக்டர் சேவை இதுல வரும்னு 1995லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துலயும் அது மாறல. எல்லாருக்கும் இலவசமா பாக்கற அரசு ஆஸ்பத்திரி மேல இங்க போக முடியாது, அதுக்கு சிவில் கோர்ட் இல்ல ஹைகோர்ட். நீங்க குடுத்த காசு 50 லட்சத்துக்குள்ளன்னா மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது. க்ரீமுக்கும் டாக்டருக்கும் குடுத்ததைத்தான் பாப்பாங்க, கேக்கற நஷ்டஈட்டை இல்ல. இன்னொரு நல்ல விஷயம், நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், அதனால ஓசூர்க்காரங்க பெங்களூர் க்ளினிக்ல போய் கெட்டாலும் கிருஷ்ணகிரியிலயே கேஸ் போடலாம், அலைய வேண்டாம்.

பிரச்சனை வந்ததுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். லேட்டாச்சுன்னா காரணம் எழுதி மன்னிப்பு மனு போடணும், ஏத்துக்கறது அவங்க இஷ்டம். முதல்ல ஒரு நோட்டீஸ் ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி 15 நாள் டைம் குடுக்கறது வழக்கம், கட்டாயம் இல்லன்னாலும் பதில் வந்தா அதுவே சாட்சி. மனுவுல என்ன நடந்துச்சுன்னு தேதி வரிசையா எழுதி, க்ரீம் காசு, வைத்தியச் செலவு, பஸ் செலவு, போன கூலி, மன உளைச்சல்னு தனித்தனியா தொகை போடுங்க. வக்கீல் இல்லாமலே நடத்தலாம், ஆனா டாக்டர் மேலன்னா வச்சுக்கறது நல்லது. பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னாலும் இலவச வக்கீல் உண்டு, எஸ்சி எஸ்டிக்கும் உண்டு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க இல்ல 15100க்கு போன் பண்ணுங்க.

கம்பெனி மேல போடலாமான்னு கேப்பீங்க. 2019 சட்டத்துல பொருள் பொறுப்புன்னு தனி அத்தியாயமே இருக்கு, தயாரிப்புல குறை, எச்சரிக்கை சரியா போடலன்னா பிடிக்கலாம். ஆனா 87வது பிரிவுல அவங்களுக்கு ஒரு சந்து இருக்கு, நிபுணர் மேற்பார்வையில போட வேண்டிய பொருள், டாக்டருக்கு நாங்க எச்சரிக்கை குடுத்துட்டோம்னு தப்பிக்கலாம். அதனால கம்பெனியை மட்டும் நம்பி போகாம கடையோ டாக்டரோ சேர்த்து எதிர்மனுதாரரா போடறது புத்திசாலித்தனம். பக்க விளைவை 1800 180 3024க்கு போன் பண்ணி பதிவும் பண்ணிடுங்க, அது கேஸ் இல்ல, மருந்து கண்காணிப்புக்கு.

நடுவுல ஆள் விட்டு "இவ்வளவு வாங்கிக்கோங்க, முடிச்சுக்கலாம்"னு வருவாங்க. வாங்கறது உங்க இஷ்டம், ஆணையத்துலயே சமரசம் பண்ணி வைக்க ஏற்பாடு இருக்கு, அங்க எழுதிக்கோங்க. வெத்து பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க, ஒரிஜினல் டியூப்பையும் பில்லையும் யார் கேட்டாலும் குடுக்காதீங்க, ஜெராக்ஸ் குடுங்க. தீர்ப்பு பிடிக்கலன்னா 45 நாளைக்குள்ள மாநில ஆணையத்துக்கு அப்பீல் போகணும்.