கூர்மையான கறுப்பு வெள்ளைப் பிரின்ட்: என்லார்ஜரில் கவனிக்க வேண்டியவை

நெகட்டிவ் தெளிவாக இருந்தும் பிரின்ட் மங்கலாக வந்தால், பலரும் முதலில் என்லார்ஜரின் (நெகட்டிவில் உள்ள படத்தைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழச்செய்யும் கருவி) லென்ஸைத்தான் சந்தேகிக்கிறார்கள். என் அனுபவத்தில் பிழை பெரும்பாலும் நெகட்டிவ் அமர்ந்திருக்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. 35 மி.மீ. ஃபிலிமை 8 மடங்கு பெருக்கும்போது, நெகட்டிவ் தன் தளத்திலிருந்து 0.1 மி.மீ. விலகினாலே பேப்பர் பக்கத்தில் ஃபோகஸ் ஏறத்தாழ 6.4 மி.மீ. விலகிவிடும், இந்த விலகல் பெருக்கத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே காரணம். ஆகவே பேப்பரின் தடிமனைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, நெகட்டிவ் தட்டையாக நிற்கிறதா என்று பார்ப்பதில் நேரத்தைச் செலவிடுங்கள்.

முழுவதும் கறுத்த ஃபிலிம் துண்டு ஒன்றில் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் கீறி என்லார்ஜரில் வைத்து, லென்ஸை முழுவதும் திறந்து, நடுவில் ஃபோகஸ் செய்த பிறகு நான்கு மூலைகளையும் கிரெயின் ஃபோகஸர் (விழும் படத்தைப் பெரிதாக்கி ஃபோகஸைச் சரிபார்க்கும் சிறு கருவி) வழியாகப் பாருங்கள். ஒரு பக்கத்து மூலைகள் மட்டும் மங்கினால் நெகட்டிவ், லென்ஸ், அடிப்பலகை ஆகிய மூன்றும் இணையாக இல்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் வேறெதைச் செய்தும் பயனில்லை.

அடுத்தது வெப்பம். விளக்கு எரியத் தொடங்கியதும் ஃபிலிம் சூடேறி மெல்ல வளைகிறது. குளிர்ந்த நெகட்டிவில் வைத்த ஃபோகஸ், எக்ஸ்போஷரின் (பேப்பரில் ஒளி விழும் நேரம்) நடுவில் மாறிவிடுகிறது. நெகட்டிவைக் கண்ணாடிகளுக்கு இடையே அழுத்திப் பிடிக்கும் கண்ணாடி கேரியர் இதைத் தடுக்கும். ஆனால் தூசி படியும் பரப்புகளைக் கூட்டும், நியூட்டன் வளையங்களையும் (ஃபிலிமும் கண்ணாடியும் தொடும் இடத்தில் தோன்றும் வளைய வடிவக் கறைகள்) உண்டாக்கக்கூடும். கண்ணாடியில்லாத கேரியர்தான் உள்ளதென்றால், விளக்கை அரை நிமிடம் எரியவிட்டு நெகட்டிவ் சூடேறிய பிறகு ஃபோகஸ் செய்யுங்கள். சூடு ஆறுவதற்குள், லென்ஸுக்குக் கீழே கறுப்பு அட்டையைப் பிடித்து ஒளியை மறைத்தபடி பேப்பரை வைத்து, அதிர்வு அடங்கியதும் அட்டையை விலக்கி எக்ஸ்போஷர் கொடுங்கள். இம்முறைக்கு 15 முதல் 20 விநாடி வரையிலான எக்ஸ்போஷர் வசதியானது. கை சற்றுத் தாமதித்தாலும் அது பெரிதாகத் தெரியாது.

அந்த நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். நான் பல மாதங்கள் லென்ஸைக் குறைகூறி, இறுதியில் மேசை மீது ஓடிய சிறு விசிறியின் அதிர்வே காரணம் என்று கண்டுபிடித்தேன்.

எஃப் 2.8 லென்ஸாக இருந்தால் அதன் துளையை 5.6 அல்லது 8 என்ற அளவில் வைப்பது நல்லது (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்). 16 வரை மூடினால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்‌ஷன்) கூர்மை குறையும்.

கூர்மை என்பது ஃபோகஸ் மட்டுமன்று. நுண்ணிய விளிம்புகளைக் கண் உணர்வது கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்பு வெள்ளை வேறுபாட்டின் மூலமாகத்தான். 5 விநாடி இடைவெளிகளில் டெஸ்ட் ஸ்ட்ரிப் (பகுதி பகுதியாக வெவ்வேறு நேரம் ஒளி கொடுத்த சோதனைப் பேப்பர் துண்டு) எடுத்து, வெளிச்சப் பகுதிகளில் விவரம் தெரியும் எக்ஸ்போஷரை முதலில் முடிவு செய்து, அதன் பிறகே கறுப்பு எவ்வளவு ஆழமாக வேண்டும் என்பதை பேப்பரின் கான்ட்ராஸ்டை மாற்றும் மல்டிகிரேட் ஃபில்டர் கொண்டு தீர்மானியுங்கள். எக்ஸ்போஷரைக் கூட்டியே கறுப்பை வரவழைக்க முயன்றால் வெள்ளைகள் சாம்பல் பூத்துப் படம் முழுவதும் தொய்ந்துவிடும்.

பேப்பரில் படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசலை 20 டிகிரி செல்சியஸில் வைத்திருங்கள். சென்னைக் கோடையில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டுவதால், டிரேயை நீர் நிரம்பிய பெரிய டிரேக்குள் வைத்து, ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அந்நீரில் மிதக்கவிடலாம். படம் கருமையேறுவதைக் கண்டு அவசரமாக வெளியே எடுக்காமல், பேப்பருக்கு உரிய முழு நேரத்தையும் கொடுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்சி பேப்பருக்கு ஏறத்தாழ 1 நிமிடம், அப்பூச்சில்லாத ஃபைபர் பேப்பருக்கு 2 நிமிடம் என்பது பொதுவான கணக்கு. பாதியில் எடுத்த பிரின்டில் கறுப்பு ஒருபோதும் முழுமையடையாது.

ஃபைபர் பேப்பர் காய்ந்ததும் சற்றுக் கருத்துவிடும் என்பதால், ஈரமான பிரின்டைப் பார்த்து எக்ஸ்போஷரை முடிவு செய்ய வேண்டாம். டெஸ்ட் ஸ்ட்ரிப்பை முழுவதும் உலர்த்தி, பிரின்ட் மாட்டப்படவுள்ள அறையின் வெளிச்சத்தில் பார்த்த பிறகே இறுதிப் பேப்பரை எடுங்கள்.