ஸ்பீக்கரை ஹெட்போன் என்று நினைக்கும் ஐபோன்

ப்ளூடூத் ஸ்பீக்கரிலோ கார் ஸ்டீரியோவிலோ பாட்டு கேட்கும்போது ‘சத்தம் அதிகம்’ என்று ஐபோன் எச்சரித்தால், செட்டிங்ஸில் ப்ளூடூத் போய், அந்தக் கருவியின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ‘ஐ’ குறியைத் தொடுங்கள். ‘டிவைஸ் டைப்’ என்பதில் ஸ்பீக்கர் அல்லது கார் ஸ்டீரியோ என்று மாற்றிவிடுங்கள். புதிய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இதே போன்ற வசதி உண்டு.

இணைத்திருப்பது என்ன கருவி என்று தெரியாதபோது போன் அதை ஹெட்போன் என்றே எடுத்துக்கொள்கிறது. அறை முழுக்கப் பரவும் சத்தத்தையும் உங்கள் காதுக்குள் போனதாகவே கணக்கில் சேர்க்கிறது. வகையை மாற்றினால் அந்தக் கணக்கு நின்றுவிடும்.

ஆனால் நிஜமான ஹெட்போனுக்கு இதைச் செய்யவே செய்யாதீர்கள். காதுக்குப் பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான். அப்புறம், ஒயர் வழியாக இணைத்த ஸ்பீக்கருக்கு இந்த வழி உதவாது.