பிடித்தவர் யார், நன்றாக நடித்தவர் யார்?

யாங்கோனில் அனோரத்தா சாலையை ஒட்டிய தேநீர்க் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை காலை நம்மவர்கள் நான்கு பேர் கூடினால், விலைவாசியும் மின்வெட்டும் பேசி முடித்த பிறகு பேச்சு சினிமாவுக்கு வந்துவிடும். "உங்களுக்கு மிகவும் பிடித்த ஆண் பாத்திரம் எது?" என்று ஒருவர் கேட்பார். அடுத்தவர் பாத்திரத்தைச் சொல்லாமல் ஒரு நடிகரின் பெயரைச் சொல்வார். மூன்றாமவர், "அவருக்கு நடிக்கவே வராதே" என்பார். அதற்குள் தேநீர் ஆறிப்போயிருக்கும். கேட்டது பாத்திரத்தைப் பற்றி, விடை வந்தது நடிகரைப் பற்றி, மறுப்பு எழுந்தது நடிப்பைப் பற்றி. மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். இவற்றை ஒன்றாக்கிவிடுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இதன் வயிற்றில் பிறந்தவை.

ஒரு பாத்திரம் நமக்குப் பிடிப்பதற்கான காரணம் பாதி நம் வீட்டில் இருக்கிறது. பர்மியத் தமிழர்களாகிய நமக்கு இதை விளக்க 'பராசக்தி'யைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. கிருஷ்ணன்–பஞ்சு இயக்கி, மு. கருணாநிதி வசனம் எழுதி 1952 தீபாவளிக்கு வெளிவந்த படம். அதில் வரும் அண்ணன் தம்பி மூவரும் ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், வாழ்கிறவர்கள். தங்கை கல்யாணி மதுரையில் இருக்கிறாள். போர் வருகிறது. கப்பலில் இடம் கிடைத்தது குணசேகரனுக்கு மட்டும். சந்திரசேகரன் கால்நடையாகவே தாயகம் சேர்கிறான். ஞானசேகரன் வழியில் பிரிந்து, தாக்குதலில் காலை இழந்து, பிச்சையெடுக்கும் நிலைக்கு வருகிறான்.

எங்கள் வீட்டில் இந்தப் படம் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் வந்தது. அப்பாவிடம் வசன ஒலிநாடா ஒன்று இருந்தது. நீதிமன்றக் காட்சி வரும் இடத்தில் நாடா தேய்ந்து குரல் இழுக்கும். அத்தனை முறை ஓடியிருக்கிறது. கோயில் மண்டபத்தில் நடந்த வகுப்பில் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்ட நாங்கள், தமிழின் கம்பீரத்தைக் கற்றுக்கொண்டது அந்தக் குரலிடம். அதனால் 'பிடித்த பாத்திரம் எது' என்று கேட்டவர்களிடமெல்லாம் 'குணசேகரன்' என்றே பல ஆண்டுகள் சொல்லி வந்தேன். படத்தை முழுமையாகப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையில் நெருக்கமானவர் யார் என்பது புரிந்தது. நடந்து வந்த அண்ணன், எஸ்.வி. சகஸ்ரநாமம் ஏற்ற சந்திரசேகரன்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. அடுத்த சில மாதங்களில் நான்கைந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. அரக்கான் மலைகளைத் தாண்டிச் சிட்டகாங் பக்கம் போனவர்கள் உண்டு. தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தவர்கள் உண்டு. எங்கள் பெரிய தாத்தா தமு வழியில் போனவர். தாத்தா இங்கேயே தங்கிவிட்டார். அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்ற கடிதம் போர் முடிந்த பிறகுதான் வந்ததாம். படத்தில் அந்த நடைப்பயணம் சிறு பகுதிதான். ஆனால் திருச்சியில் நீதிபதி நாற்காலியில் அமர்ந்திருக்கும் சந்திரசேகரன், எதிரே கூண்டில் நிற்பவள் தன் தங்கை என்பதை உணர்ந்து மயங்கி விழும்போது, எனக்கு மலைப்பாதையும் அந்தக் கடிதமும் நினைவுக்கு வருகின்றன. சென்னையில் இருக்கும் ஒருவருக்கு அந்த இடம் கதையின் ஒரு திருப்பமாக மட்டும் தெரியலாம்.

இதைச் சொல்வதன் காரணம் இதுதான். சந்திரசேகரன் எனக்குப் பிடித்த பாத்திரம். அதற்காக அந்தப் படத்தின் மிகச் சிறந்த நடிப்பு சகஸ்ரநாமத்துடையது என்று நான் வாதாடினால் அது பொய். நடிப்பு என்று பார்த்தால் குணசேகரனாக வரும் சிவாஜி கணேசன்தான். அதிலும் எல்லோரும் சொல்லும் நீதிமன்றக் காட்சியைவிட, சென்னையில் வந்து இறங்கி எல்லாவற்றையும் பறிகொடுத்தபின் பைத்தியக்காரனாக வேடமிட்டுத் திரியும் பகுதியைப் பாருங்கள். பைத்தியமாக நடிக்கும் ஒருவனாக நடிக்க வேண்டும். அடியில் ஓடும் பசியும் கோபமும் நமக்குத் தெரிய வேண்டும், கதையில் எதிரே நிற்பவர்களுக்குத் தெரியக் கூடாது. அது அவருக்கு முதல் படம்.

இங்கிருந்து அடுத்த தவறுக்குப் போகலாம். வசனத்தை நடிப்பு என்று எண்ணிவிடுவது. தமிழை விட்டு விலகி வாழும் ஊர்களில் இது இன்னும் கூடுதலாக நடக்கிறது. நல்ல தமிழைக் கேட்கும் ஏக்கம் நமக்கு உண்டு; அழகாகப் பேசுகிறவரைப் பார்த்ததும் மனம் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஆனால் பேசாமல் இருக்கும்போது ஒரு நடிகர் என்ன செய்கிறார் என்பதே எனக்கு அளவுகோல். 1964இல் ஸ்ரீதர் இயக்கத்தில் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் தன் அப்பாவாக வரும் டி.எஸ். பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை அறியாதவர் குறைவு. கேட்டால் எல்லோரும் நாகேஷைச் சொல்வார்கள். நாகேஷ் அபாரம்தான், மறுக்கவில்லை. ஒரு முறை பாலையாவை மட்டும் பாருங்கள். முதலில் மகன் ஏதோ உளறுகிறான் என்ற சலிப்பு. பிறகு கொஞ்சம் ஆர்வம். பிறகு அச்சம் மெல்ல மெல்லக் கண்ணில் ஏறுகிறது. வேண்டாம் என்று எழுந்து போகவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்தக் காட்சியில் நாம் சிரிப்பது கதை சொல்பவரால் பாதி, கேட்பவரால் பாதி. கேட்பதுபோல் நடிப்பது கடினம். உண்மையாகவே கேட்க வேண்டும். தமிழ்ப் படங்களில் நான் பார்த்த மிகச் சிறந்த ஆண் நடிப்புகளில் இதை வைப்பேன். பாத்திரமோ ஒரு பணக்கார அப்பா. அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம் எதுவும் இல்லை. பிடித்தவரும் நன்றாக நடித்தவரும் வேறு வேறாக இருப்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தேவையில்லை.

இங்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல். பள்ளியில் பர்மிய மொழி, தெருவில் பர்மிய மொழி. தமிழ் வீட்டுக்குள் மட்டும். வசனம் வேகமாக வந்தால் அவர்களால் பின்தொடர முடிவதில்லை, எழுத்துவரி போட்டுப் பார்க்கிறார்கள். கண் முழுவதும் திரையின் அடியிலேயே ஓடுகிறது. முகம் மாறிய அந்தக் கணம் போய்விடுகிறது. எழுத்துவரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அவர்கள் தமிழ்ப் படமே பார்க்காமல் போகலாம். பிடித்த காட்சியை இரண்டாம் முறை எழுத்துவரி இல்லாமலும், மூன்றாம் முறை ஒலியில்லாமலும் பார்க்கச் சொல்கிறேன். கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் கண் தானாக முகத்துக்கும் கைக்கும் போகும். குழந்தை தூங்கும் வீட்டில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்துப் பழகியவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன், நல்ல நடிப்பு அப்போதும் அப்படியே இருக்கும்.

ஒலியை அணைத்தால் இன்னொரு உண்மையும் வெளிப்படும். நாம் ஒருவருக்குக் கொடுக்கும் பாராட்டில் பாதி இன்னொருவருக்குச் சேர வேண்டியதாக இருக்கலாம். எண்பதுகளில் நடிகர் மோகனின் மென்மையான குரலுக்காகவே உருகியவர்கள் எத்தனை பேர்! 'மௌன ராகம்' உட்பட அவருடைய பல படங்களில் அந்தக் குரல் எஸ்.என். சுரேந்தருடையது. 'ஆடுகளம்' படத்தில் பேட்டைக்காரனாக வந்து நம்மை அதிர வைத்தவர் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன், குரல் கொடுத்தவர் ராதாரவி. சேவற்சண்டையில் தோற்ற பெருமையும் தான் வளர்த்தவன் மீதே எழும் பொறாமையும் அந்தக் கண்களில் இருக்கின்றன, அடிக்குரலில் வரும் உறுமல் வேறொருவருடையது. இருவரும் சேர்ந்துதான் பேட்டைக்காரன். இதைத் தெரிந்துகொள்வதால் ரசனை குறைவதில்லை. யார் எதைச் செய்தார் என்று அறிந்து பாராட்டும்போது பாராட்டுக்கு எடை கூடுகிறது.

'தில்லானா மோகனாம்பாள்' இதற்கு நேர் எதிர்ப்பக்கம். நாதஸ்வர ஒலி மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் சிவாஜி ஏற்ற சிக்கல் சண்முகசுந்தரம் வாசிக்கவில்லை என்று ஒரு கணமாவது தோன்றுகிறதா? திருவிழாவுக்கு மேளம் வாசிக்க வந்த பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "கன்னத்தைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள். மூச்சை எங்கே எடுக்க வேண்டுமோ அங்கே எடுக்கிறார்" என்றார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இரவல் ஒலிக்குத் தன் உடம்பின் மூச்சைக் கொடுப்பது முழுக்க முழுக்க நடிகரின் வேலை.

இளைஞர்கள் செய்யும் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும், அது என் மனத்தைப் புண்படுத்துவது. பழைய படங்களின் ஒரு நிமிடத் துண்டைக் கைபேசியில் பார்த்துவிட்டு 'மிகை நடிப்பு' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். அந்த நடிகர்களில் பலர் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனிகளில் சேர்ந்து வளர்ந்தவர்கள். கடைசி வரிசையில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் குரல் கேட்க வேண்டும், புருவம் தெரிய வேண்டும் என்று பயின்றவர்கள். கணேசன் என்ற இளைஞர் அண்ணாவின் நாடகத்தில் சத்ரபதியாக நடித்து, பெரியாரால் 'சிவாஜி' என்று அழைக்கப்பட்டது மேடை கொடுத்த பெயர். அந்த மரபில் உணர்ச்சியை ஒளிப்பது குறை, வெளிப்படுத்துவதே கலை. தெருக்கூத்தைப் பார்த்து 'ஏன் இவ்வளவு சத்தம்' என்று நாம் கேட்பதில்லையே. அந்த மரபுக்குள் யார் அளவோடு நின்றார், யார் நிற்கவில்லை என்று கேட்பதுதான் நியாயம். எம்.ஆர். ராதாவின் 'ரத்தக்கண்ணீர்' 1954இல் படமாவதற்கு முன்பே நாடகமாக ஊர் ஊராக ஓடியது. அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் ஆண்டுக்கணக்கில் மேடையில் பார்வையாளர்களிடம் சோதித்துப் பார்க்கப்பட்டது. அதைத் துண்டாக நறுக்கிப் பார்த்தால் கத்தல் மட்டுமே மிஞ்சும்.

ராதாவைச் சொன்னதால் இன்னொன்று. கெட்டவனைப் பிடித்திருக்கிறது என்று சொல்லத் தயங்க வேண்டாம். ஆனால் பிடித்துவிட்டதற்காக அவன் செய்ததெல்லாம் சரி என்று ஆக்கிவிடவும் கூடாது. 1978இல் மகேந்திரன் எடுத்த 'முள்ளும் மலரும்' படத்தின் காளியை எனக்கு மிகவும் பிடிக்கும். விஞ்ச் ஆபரேட்டர், அதாவது மலையில் கம்பிவடம் இழுக்கும் வண்டியை இயக்குபவன். தங்கை என்றால் உயிர். அதே அன்பு பிடிவாதமாகித் தங்கையின் வாழ்க்கையையே நெரிக்கிறது. ரஜினிகாந்த் அந்தப் பிடிவாதத்தை நியாயப்படுத்தாமல் நடித்திருக்கிறார். கையை இழந்த பிறகு மேலதிகாரியிடம் பேசும் காட்சியில் அவர் நம்மிடம் இரக்கம் கேட்பதில்லை. என் சித்தப்பா ஒருவர் இந்தப் படத்தைக் காட்டியே, அண்ணன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பார். நான் மறுப்பேன். தங்கையின் விருப்பத்துக்கு வழிவிடும் கடைசிக் காட்சிக் காளியைத்தான் அவர் எடுத்துக்காட்ட வேண்டும். இந்த வாக்குவாதம் எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

பாத்திரத்தின் நீளத்தைப் பார்ப்பதும் வீண். 'மௌன ராகம்' படத்தில் கார்த்திக் வரும் நேரம் எவ்வளவு குறைவு! படம் முடிந்தபின் மனோகர் இல்லாமல் அந்தப் படத்தை நினைக்க முடிகிறதா? அழுதால் நடிப்பு, எடை குறைத்தால் நடிப்பு என்பதும் இப்படிப்பட்ட அவசரத் தீர்ப்புதான். 'தவமாய் தவமிருந்து' படத்தில் சிறிய அச்சகம் நடத்தும் அப்பாவாக ராஜ்கிரண் தோளைத் தொங்கவிட்டு நடக்கும் நடையில் கடனும் பாசமும் ஒன்றாகத் தெரியும். அதற்குக் கண்ணீர் தேவைப்படவில்லை.

விருதுகளை வைத்துச் சண்டை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பர்மியத் திரையுலகின் அகாடமி விருது 'பராசக்தி' வந்த அதே 1952இல் தொடங்கியது. பர்மிய நண்பர்கள் அதை வைத்து ஆண்டுதோறும் வாதிடுவார்கள். நம் பக்கம் சிவாஜிக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. இதற்கு மேல் அந்தப் பேச்சில் என்ன இருக்கிறது?

போன மாதம் மின்சாரம் வந்த ஓர் இரவில் மகளோடு 'பராசக்தி'யை முதலிலிருந்து பார்க்க உட்கார்ந்தேன். அவளுக்கு வயது பதினான்கு. ரங்கூன் என்ற பெயர் வந்ததும், "நம் ஊரா?" என்று நிமிர்ந்தாள். நீதிபதி மயங்கி விழும் இடத்துக்குச் சற்று முன்னால் மின்சாரம் போய்விட்டது. இருட்டில், "அந்த அண்ணன் நடந்தே போனாரே, எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். பெரிய தாத்தாவின் கடிதத்தைத் தேடி எடுத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.