மார்பக அழகு அறுவை சிகிச்சைக்குப் பின் தழும்பு: அவசரத்தில் செய்யும் தவறுகள்

தழும்பே விழாத அறுவை சிகிச்சை என்று ஒன்று கிடையாது. தோலின் முழு ஆழத்துக்கும் கத்தி இறங்கிவிட்டால், உடம்பு அங்கே பழைய தோலைத் திரும்ப உண்டாக்குவதில்லை. கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை அள்ளிப்போட்டு அந்த இடத்தை அடைத்துவிடுகிறது. அந்த அடைப்பு வெளிறிய மெல்லிய கோடாக அடங்குமா, தடித்து அகன்று கண்ணை உறுத்துமா என்பதில் பரம்பரைக்கும் தோலின் தன்மைக்கும் சர்ஜனின் கைக்கும் பெரிய பங்கு உண்டு. மிச்சம் நம் பங்கு. அதுவும் சின்னதல்ல.

அந்தப் பங்கில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அக்கறை இல்லாததால் வருவதில்லை. அக்கறை கூடிப்போய், நல்ல காரியத்தை அதற்கான நேரம் வருமுன்பே செய்வதால் வருகின்றன. மசாஜ் நல்லதுதான், இரண்டாம் வாரத்தில் அல்ல. சிலிக்கான் ஜெல் நல்லதுதான், இன்னும் மூடாத காயத்தின் மேல் அல்ல. அதனால் காயம் ஆறும் காலக்கணக்கை முதலில் பார்த்துவிடுவோம்.

மேலே மூடிவிட்டது, உள்ளே ஆறவில்லை

முதல் வார முடிவில் தைத்த இடத்தின் பலம் சாதாரணத் தோலின் பலத்தில் ஏறக்குறைய 3 சதவீதம்தான். மூன்று வாரத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை வரும். மூன்று மாதம் தாண்டியபின் அதிகபட்சம் 80 சதவீதத்தைத் தொடும். நூறைத் தொடுவதே இல்லை.

கண்ணுக்குத் தெரிவதோ இதற்கு நேர்மாறு. இரண்டாம் வாரத்தில் கட்டைப் பிரித்துப் பார்த்தால் மெல்லிய கோடு மட்டும் இருக்கும். "அவ்வளவுதானா, சரியாகிவிட்டதே" என்று மனசு லேசாகிவிடும். குழந்தையைத் தூக்குவதும், மேல் அலமாரியிலிருந்து பெட்டியை இறக்குவதும், ஜிம்முக்குத் திரும்புவதும் இந்த நாட்களில்தான். அப்புறம் ஆறாம் வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை கொலாஜன் வேலை உச்சத்தில் இருக்கும். அப்போது அதே கோடு சிவந்து, தடித்து, அரிக்க ஆரம்பிக்கும். மாநிறத்திலும் கருநிறத்திலும் அது சிவப்பாக இல்லாமல் கரும்பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியலாம். இதைப் பார்த்துப் பயந்துபோய்க் கிடைத்த கிரீமையெல்லாம் பூசத் தொடங்குவது அடுத்த தவறு. அந்தச் சிவப்பு பெரும்பாலும் வழக்கமான கட்டம்தான். தழும்பு முழுதாக முதிர 12 முதல் 18 மாதம் ஆகும். மூன்றாம் மாதத் தழும்பை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அறுவைக்கு முன்பே தொடங்கிவிடும் தவறுகள்

இதில் மிகக் கொடியது புகை. நிகோடின் தோலுக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மார்பகத்தைச் சிறிதாக்கும்போதும் தூக்கி நிறுத்தும்போதும் தோலைப் பெருமளவு பிரித்து நகர்த்துவார்கள். விளிம்புகளுக்கு அப்போதே ரத்த ஓட்டம் மட்டுமட்டாக இருக்கும். அதில் பாதியை நிகோடின் தின்றுவிட்டால் தையல் பிரியலாம், தோல் கருகலாம், முலைக்காம்பே பாதிக்கப்படலாம். பிரிந்து தானாக ஆறும் காயம் எப்போதும் அகலமான தழும்பைத்தான் தரும். முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரம் நிறுத்தச் சொல்வார்கள். வேப், நிகோடின் பேட்ச், சூயிங்கம் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். இதை மருத்துவரிடம் மறைப்பதில் யாருக்கும் லாபமில்லை. அவர் தேதியைத் தள்ளிவைத்தால் அது உங்கள் நல்லதுக்கு.

பழைய தழும்புகளின் கதையைச் சொல்லாமல் விடுவதும் தவறு. காது குத்திய இடத்தில் உருண்டை கட்டியதா, தடுப்பூசி போட்ட தோளில் தடித்துப் படர்ந்ததா, வீட்டில் யாருக்காவது அப்படி உண்டா என்பதைச் சொல்லுங்கள். கீலாய்டு, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டிப் படரும் தடித்த தழும்பு, வரும் உடம்பு என்று முன்பே தெரிந்தால், வெட்டு விழும் இடத்தைத் தேர்வதிலிருந்து பின்கவனிப்பு வரை திட்டமே மாறும். மார்பெலும்பை ஒட்டிய நடுமார்பு கீலாய்டுக்குப் பேர்போன இடம்.

தழும்பு எங்கே வரும் என்று கேட்காமலே கையெழுத்துப் போடுகிறவர்களும் உண்டு. மார்பகத்தைப் பெரிதாக்கும் செயற்கைப் பையான இம்பிளான்டை வைக்க மார்பகத்துக்கு அடியிலுள்ள மடிப்பு, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரம், அக்குள் என்று வழிகள் உண்டு. தூக்கி நிறுத்தவும் சிறிதாக்கவும் கருவட்டத்தைச் சுற்றி ஒரு வெட்டு, அதிலிருந்து கீழே நேராக ஒரு வெட்டு, தேவைப்பட்டால் அடிமடிப்பில் நங்கூரம் போல இன்னொன்று. ஆண்களுக்கு மார்பு வீக்கம் குறைக்கும்போது பெரும்பாலும் கருவட்டத்தின் கீழ் ஓரம். வெட்டின் நீளத்தை மட்டும் கேட்காமல், எந்த ஆடையில் அது தெரியும், எந்த இடத்தில் இழுவை அதிகம் என்றும் கேளுங்கள்.

இழுவைதான் முதல் எதிரி

என்னைக் கேட்டால், தழும்பைக் கெடுக்கும் காரணங்களில் மக்கள் மிகக் குறைவாகக் கண்டுகொள்வது இதைத்தான். தைத்த இடத்தை இரு பக்கமும் ஏதோ இழுத்துக்கொண்டே இருந்தால், உடம்பு "இன்னும் பலம் போதவில்லை" என்று எடுத்துக்கொண்டு கொலாஜனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மார்பகத்தில் இந்த இழுவை ஓய்வதே இல்லை. நிற்கும்போது அதன் எடை கீழே இழுக்கும், கையைத் தூக்கினால் மார்புத் தசை மேலே இழுக்கும், ஒருக்களித்துப் படுத்தால் பக்கவாட்டில் இழுக்கும்.

அதனால் பிராவை இரவில் கழற்றிவைக்கும் பழக்கத்தைச் சில வாரங்களுக்கு ஒதுக்கிவையுங்கள். மென்மையான, முன்பக்கம் கொக்கி உள்ள, தாங்கிப் பிடிக்கும் பிரா போதும். கம்பி வைத்தது ஏறக்குறைய 6 வாரத்துக்கு வேண்டாம். கம்பி உட்காரும் இடமும் அடிமடிப்புத் தையலும் ஒன்றேதான். இறுக்கமாகப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்று நினைப்பதும் தவறு. அழுத்தத் தடம் பதியும் அளவுக்கு இறுகினால் ரத்த ஓட்டம்தான் குறையும். கனமான சாமான் தூக்குவதும் தோளுக்கு மேல் கையை வேகமாக உயர்த்துவதும் 4 முதல் 6 வாரம் போனபின் ஆகட்டும். ஆண்களுக்கும் இதே விதிதான். பென்ச் பிரஸ்ஸுக்கு முந்திக்கொண்டு போனவரின் கருவட்டத் தழும்பு அகன்றுபோவது நடக்கிற காரியம்.

வெளியே தெரியக்கூடாது என்பதற்காக நாலாம் நாளே எதுவும் நடக்காததுபோல எல்லா வேலையையும் செய்கிறவர்கள் நிறையப் பேர். யாரிடமும் விவரம் சொல்ல வேண்டியதில்லை. "டாக்டர் கனம் தூக்கக்கூடாது என்றார்" என்ற ஒரு வரி போதும். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

தையலின்மேல் ஒட்டிவிடும் காகித டேப் அழுக்கானதுபோல் தோன்றும். பிய்க்கத் தோன்றும். அது இழுவையைத் தாங்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. தானாக உதிரட்டும், அல்லது மருத்துவர் சொல்லும் நாளில் எடுக்கட்டும். ஓரம் தூக்கினால் அந்த ஓரத்தை மட்டும் கத்தரியுங்கள்.

காயத்தை "சுத்தம்" செய்யும் ஆர்வம்

ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் நுரை பொங்கும். பார்க்கத் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கும் செல்களையும் அது அழிக்கிறது. மருத்துவர் சொன்ன நாளிலிருந்து வெறும் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தொட்டியில் ஊறுவதும் நீச்சலும் காயம் முழுதாக மூடும் வரை கூடாது.

"காற்றுப் படட்டும், பொருக்குத் தட்டட்டும்" என்பது பழைய நம்பிக்கை. 1962-ல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் காயங்களில் செய்த ஆய்வு, ஈரப்பதம் காக்கப்பட்ட காயத்தின்மேல் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்ததைக் காட்டியது. வறண்ட பொருக்கின் அடியில் செல்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அதற்காக ஈரமாகச் சொதசொதவென்று வைப்பதும் கூடாது. மருத்துவர் கொடுத்த களிம்பை மெலிதாகப் பூசி, சொன்ன விதத்தில் மூடினால் போதும். பொருக்கு இருந்தால் கிள்ளாதீர்கள். ஒவ்வொரு முறை பிய்க்கும்போதும் காயம் முதலிலிருந்து தொடங்குகிறது.

சில வாரம் கழித்துத் தழும்பில் ஒரு சின்னப் பரு, அதன் நுனியில் மீன்பிடி நரம்பு போல ஒரு முனை எட்டிப் பார்க்கும். உள்ளே கரைய வேண்டிய தையல் நூல் வெளியே வருகிறது, அவ்வளவுதான். இழுக்காதீர்கள். மருத்துவர் ஒரு நொடியில் கத்தரித்துவிடுவார். நங்கூர வடிவ வெட்டில், நேர்க்கோடும் அடிமடிப்புக் கோடும் சந்திக்கும் முனை இன்னொரு பலவீனமான இடம். அங்கே சிறிதாகப் பிரிவது அடிக்கடி நடப்பதுதான். பொடியைத் தூவி மூடாமல் காட்டிவிடுங்கள்.

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகுவது, காம்பு நீலமாவது அல்லது கறுப்பது, சிவப்பும் சூடும் பரவுவது, சீழ், நாற்றம், 38 டிகிரி செல்சியஸ் தாண்டிய காய்ச்சல் என்றால் நேரம் பார்க்காமல் அன்றே கூப்பிடுங்கள். தொற்று வந்துபோன காயம் நல்ல தழும்பாவது கடினம். இம்பிளான்ட் இருந்தால் அதையே எடுக்க நேரலாம்.

கிரீம், ஜெல், மசாஜ்

வைட்டமின் ஈ கேப்ஸ்யூலை உடைத்துத் தடவச் சொல்லாத ஆளே இல்லை. 1999-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தோல் புற்றுநோய் அகற்றிய 15 பேரின் தழும்பில் ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ கலந்த களிம்பும் மறுபாதிக்கு வெறும் களிம்பும் பூசினார்கள். பெரும்பாலானோருக்குப் பலனே இல்லை, அல்லது நிலைமை மோசமானது. மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமைத் தடிப்பு வந்தது. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் புதுத் தழும்பில் அரிப்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

சான்று ஓரளவு தெம்பாக இருப்பது சிலிக்கானுக்கு. தோலிலிருந்து ஈரம் வெளியேறுவதைக் குறைத்து, கொலாஜன் உற்பத்தியை அடக்குகிறது. தையல் முழுதாக மூடி, பொருக்கெல்லாம் உதிர்ந்தபின், அதாவது வழக்கமாக 2 அல்லது 3 வாரத்துக்குப் பிறகு தொடங்கலாம். தொடங்கியபின் நடக்கும் தவறு, நினைத்தபோது ஒட்டுவதும் ஒரு மாதத்தில் விட்டுவிடுவதும். தழும்பின்மேல் ஒட்டும் சிலிக்கான் ஷீட் என்றால் ஒரு நாளைக்கு 12 மணி நேரமாவது தோலில் இருக்க வேண்டும், குறைந்தது 2, 3 மாதம். அடிமடிப்பில் வியர்வை தேங்கும். தினமும் கழற்றி, ஷீட்டையும் தோலையும் கழுவி, நன்றாக உலர்த்தி ஒட்டினால் வேர்க்குருபோல் பொரிவது குறையும். ஜெல் என்றால் மிக மெலிதாக, நாளுக்கு இரண்டு முறை. ஐந்து நிமிடம் கழித்தும் துணியில் ஒட்டினால் அதிகம் பூசியிருக்கிறீர்கள்.

மசாஜுக்கு மருத்துவர் தலையாட்டும் வரை பொறுங்கள். செய்யும்போது விரலைத் தோலின்மேல் வழுக்கித் தேய்ப்பதில் பயனில்லை. விரல் நுனியால் அழுத்தி, தோலும் விரலும் ஒன்றாக நகரும்படி மெல்ல அசைக்க வேண்டும். இம்பிளான்டையே நகர்த்தும் மசாஜ் முற்றிலும் வேறு. சர்ஜன் சொல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

வெயில் பட்டால் புதுத் தழும்பு கறுத்து, அந்தக் கறுப்பு நாள்பட நிற்கும். ஒரு வருடத்துக்கு மூடியே வையுங்கள். மூட முடியாத இடத்துக்கு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். மெல்லிய துணி வழியாகவும் புறஊதாக் கதிர் இறங்கும் என்பது நினைவிருக்கட்டும்.

தடிக்கும்போது பொறுமை காப்பதும் தவறுதான்

இதுவரை பொறுமையைப் பற்றியே பேசினேன். ஒரு இடத்தில் மட்டும் அது எதிராகத் திரும்பும். தழும்பு வெட்டின் எல்லைக்குள்ளேயே மேடிட்டால் அது ஹைபர்ட்ரோபிக் தழும்பு. காலப்போக்கில் தணிய வாய்ப்புண்டு. எல்லையைத் தாண்டி நல்ல தோலிலும் படர்ந்தால் கீலாய்டு. அது தானாக அடங்காது. தடிப்பு மாதத்துக்கு மாதம் கூடுகிறது, அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் வருட முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். சில வார இடைவெளியில் தழும்புக்குள் போடும் ட்ரையாம்சினோலோன் ஸ்டீராய்டு ஊசி, லேசர் போன்றவை ஆரம்பத்தில் நன்றாகக் கேட்கும். கீலாய்டை வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். வேறு சிகிச்சை சேர்க்காமல் வெட்டினால் பாதிப் பேருக்காவது திரும்ப வருகிறது, பலருக்கு முன்னைவிடப் பெரிதாக.

கீலாய்டு அல்லாத, வெறுமனே அகன்றுபோன தழும்பைத் திருத்த மறு அறுவை உண்டு. பொதுவாக ஒரு வருடம் போல ஆனபின்தான் அதைப் பற்றிப் பேசுவார்கள். அப்போது ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: முதல் முறை ஏன் அகன்றது? காரணம் இழுவை என்றால், இந்த முறை அதைக் குறைக்க என்ன மாற்றிச் செய்யப் போகிறார் என்று விளக்கம் கிடைத்தபின் தேதி குறியுங்கள்.