ரொம்ப வருஷம் விளையாட நினைக்கிற கேமா? ஆஃப்லைன் இன்ஸ்டாலர எடுத்து வைங்க

கம்ப்யூட்டர்ல ஒரு கேம் வாங்குறதுக்கு முன்னாடி அது ஜிஓஜிங்கிற (GOG) ஆன்லைன் கேம் கடைல இருக்கான்னு தேடிப் பாருங்க, இருந்தா அங்கயே வாங்கி ஆஃப்லைன் இன்ஸ்டாலர (நெட் இல்லாமலே கேம இன்ஸ்டால் பண்ற ஃபைல்) டவுன்லோட் பண்ணி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல போட்டு வெச்சுருங்க. அதுல டிஆர்எம் பூட்டு (அனுமதி இல்லாம கேம ஓட்டவோ காப்பி பண்ணவோ விடாத தடுப்பு) கிடையாது, இன்ஸ்டால் பண்றப்போ எந்த சர்வர்கிட்டயும் அனுமதி கேக்காது, அதனால நாளைக்கு கடையே மூடினாலும் கேம் உங்க கைல இருக்கும். கன்சோல்ல இந்த வசதி இல்ல, வீ யூ, 3டிஎஸ் கன்சோல் ரெண்டுக்கும் நின்டெண்டோ 2023 மார்ச்ல இ-ஷாப்ப (ஆன்லைன் கேம் கடைய) மூடிட்டாங்க, பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) டிஸ்க்க பிஎஸ்4ல போட்டா ஓடவே ஓடாது. பெரிய கேம்னா இன்ஸ்டாலர் பல துண்டா வரும், அதுல ஒரு துண்டு (.bin ஃபைல்) விட்டுப்போனாலும் இன்ஸ்டால் பாதில நின்னுடும், எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல வைங்க. சர்வர நம்பி ஓடுற ஆன்லைன் மல்டிபிளேயர் கேமுக்கு மட்டும் இது உதவாது.